அரியூர் நாட்டில் பூச்சிப் பாடம்

முன்தேர்வு ஒன்று, பின்தேர்வு ஒன்று. நடுவில் முக்கால் மணி நேரப் பாடம், கையில் ஒரு கட்டு ஃபிளாஷ் கார்டு, சுவரில் ஒரு சார்ட். ‘வளரிளம் பருவத்தினரிடையே குடற்புழுத் தொற்றுத் தடுப்பு பற்றிய அறிவு’ என்று தலைப்பிட்டு நர்சிங் கல்லூரிகளில் வருடா வருடம் எழுதப்படும் ஆய்வேடுகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பாடத்துக்கு முன்பு மதிப்பெண் குறைவு, ஒரு வாரம் கழித்து மதிப்பெண் கூடுதல். கூடாமல் போன ஆய்வேட்டை நான் பார்த்ததே இல்லை. போன வாரம் சொல்லிக் கொடுத்ததை இந்த வாரம் கேட்டால் பிள்ளைகள் சொல்லத்தானே செய்வார்கள்? வயிற்றில் புழு குறைந்ததா என்று பார்த்த ஆய்வேடு அபூர்வம். அதற்கு மலம் சேகரிக்க வேண்டும், மைக்ராஸ்கோப்பும் ஆளும் வேண்டும், அதற்குள் வைவா வந்துவிடும்.

கம்யூனிட்டி போஸ்டிங்குக்கு மாணவிகளை அழைத்துக்கொண்டு கொல்லிமலைக்குப் போவது என் வேலையில் ஒரு பகுதி. அரியூர் நாட்டுப் பக்கம் ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு பேசியபோது நோட்டில் கிறுக்கி வைத்ததும், கீழே இறங்கி வந்து படித்தபோது ஓரத்தில் எழுதி வைத்ததும் இங்கே கலந்து கிடக்கின்றன. வரிசை பார்க்க வேண்டாம்.

*

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஏறி முடிப்பதற்குள் மாணவிகளில் பாதிப் பேர் எலுமிச்சம்பழமும் கையுமாக இருப்பார்கள். மேலே ஊராட்சிகளுக்கு நாடு என்றே பெயர்: வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, அரியூர் நாடு. இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். மேட்டில் காபியும் மிளகும், மிளகுக்கொடி ஏறச் சில்வர் ஓக். பள்ளத்தில் நெல். வீட்டைச் சுற்றி வாழை, பலா. இடையிடையே அன்னாசி, மரவள்ளி. சாமையும் கேழ்வரகும் முன்பு போல இல்லை.

சுற்றுலா வருபவர் ‘என்ன பசுமை’ என்பார். புழுக்களைப் பற்றிப் படித்தவருக்கு அதே தோட்டம் வேறு மாதிரித் தெரியும். கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு மண்ணில் விழுந்தால் ஒன்றிரண்டு நாளில் பொரியும். ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் அதன் இளம்புழு மனிதத் தோலைத் துளைக்கும் பருவத்துக்கு வந்துவிடும். நிழல், ஈரம், சருகு மக்கிய பொலபொலப்பான மண், இந்த மூன்றும் இருந்தால் மூன்று நான்கு வாரம் உயிரோடு கிடக்கும். வெயில் நேரே விழுந்து மண் காய்ந்தால் செத்துப்போகும். காபிச் செடிக்கும் வாழைக்கும் அடியில் மண் என்றைக்குக் காய்ந்தது?

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இந்த இளம்புழு தோட்டம் முழுக்க ஊர்ந்து வந்து நம்மைத் தேடுவதில்லை. விழுந்த இடத்தைச் சுற்றிக் கொஞ்ச தூரம்தான் நகரும். நாம்தான் தினமும் அதே ஒற்றையடிப் பாதையில், அதே புதர் மறைவுக்கு, அதே நேரத்தில் போகிறோம்.

*

கால் வழியாக ஏறிய புழு வயிற்றுக்கு எப்படிப் போகிறது என்று கேட்டால் முதலில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து யாராவது, ‘நடந்துதான் டீச்சர்’ என்பான். சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் வகுப்பு உண்மையில் ஆரம்பிக்கிறது.

கால்விரல் இடுக்கில் நுழைகிறது, அங்கே அரிப்பு. ரத்தத்தில் கலந்து இதயம் வழியாக நுரையீரல். அங்கிருந்து மூச்சுக்குழாயில் மேலே ஏறித் தொண்டைக்கு வருகிறது. சிலருக்கு வறட்டு இருமல். எச்சிலோடு விழுங்கப்பட்டுச் சிறுகுடலுக்குப் போகிறது. அங்கே குடலின் உள்சுவரைக் கடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கத் தொடங்குகிறது. நீளம் ஒரு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். அது மலத்தில் நெளிந்து வந்து பயமுறுத்துவதில்லை. அதனால் ‘எனக்குப் பூச்சி இல்லை’ என்று யாரும் சொல்லிவிடலாம். நீளமாக வெளியே வந்து வீட்டையே கூட்டுவது நாக்குப்பூச்சி, அதாவது உருண்டைப்புழு. அது வேறு கதை.

கரும்பலகையில் ஒரு ஆள் படம் வரைந்து, காலிலிருந்து குடல் வரைக்கும் அந்தப் பாதையைப் பிள்ளைகளையே கோடு போடச் சொல்வோம். ஃபிளாஷ் கார்டு பத்து காட்டுவதைவிட இது மேல். கோடு நுரையீரலுக்குப் போகும்போது வகுப்பில் எங்காவது ஒருத்தி இருமுவாள். அதற்கும் சிரிப்பு.

*

கணக்குப் பாடம்.

தென்னிந்தியாவில் அதிகம் காணப்படும் கொக்கிப்புழு வகை ஒன்று நாளுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் ரத்தம் குடிக்கும். ஒன்று இரண்டு இருந்தால் உடம்புக்குத் தெரியாது. நூறு புழு இருந்தால் நாளுக்கு 3 மில்லிலிட்டர், மாதத்துக்கு 90. ஒரு மாதவிடாயில் சாதாரணமாகப் போகும் ரத்தம் 30 முதல் 40 மில்லிலிட்டர். ஆக, வயிற்றில் நூறு புழு இருக்கும் பெண் மாதத்துக்கு ஒருமுறை அல்ல, மூன்று முறைக்கு மேல் தூரமாவதற்குச் சமமாக ரத்தம் இழக்கிறாள்.

இந்தக் கணக்கைப் பையன்கள் இருக்கும்போது போடலாமா என்று மாணவிகள் தயங்கினார்கள். போடத்தான் வேண்டும் என்று சொன்னேன். போட்டோம். யாரும் கேலி செய்யவில்லை; ஒரு பையன் தன் நோட்டில் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அதே வயதுப் பையன்களில் 31.1. எல்லாம் புழுவால் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. சாப்பாடு இருக்கிறது, மாதவிடாய் இருக்கிறது. ஆனால் பள்ளியில் வாராவாரம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிட்டு, அதே இரும்பைக் குடலில் இருந்து புழு குடித்துக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் விடுவது யாருக்கு லாபம்?

*

சுவரொட்டிகள் எல்லாம் கையைத்தான் பேசுகின்றன. ஆறு படிகளில் கை கழுவும் படம், குழாய், சோப்பு, நுரை. தவறில்லை. உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கீரிப்பூச்சி எல்லாம் வாய்வழி வருபவை. பெண் உருண்டைப்புழு ஒன்று நாளுக்கு இரண்டு லட்சம் முட்டை போடும். அது மண்ணில் விழுந்து இரண்டு மூன்று வாரத்தில் தொற்றும் நிலைக்கு வந்து, கழுவாத கையிலும் கழுவாத கீரையிலும் ஏறி வரும்.

ஆனால் மலைக்குப் பொருந்துகிற பாடம் வேறு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் ஜவ்வாது மலையில் எடுத்து 2013இல் வெளியிட்ட ஆய்வில் மண்வழிப் புழுத்தொற்று 39 விழுக்காடு. அதில் கிட்டத்தட்ட எல்லாமே கொக்கிப்புழு. உருண்டைப்புழு ஒன்றிரண்டு விழுக்காடுதான். அங்கே இருப்பவர்களும் மலையாளிப் பழங்குடியினர்தான். அதே மாதிரி மலை, அதே மாதிரி விவசாயம், அதே வெறுங்கால். கொல்லிமலைக்கு அதே எண்ணைத் தூக்கி ஒட்டிவிட முடியாது. ஆனால் எந்தப் புழுவை முதலில் பாடத்தில் வைப்பது என்று தீர்மானிக்க இது போதும்.

கையை மட்டும் கழுவச் சொல்லிவிட்டு வருவது, வாசலைப் பூட்டிக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட மாதிரி.

*

சரி, செருப்பு.

இதைச் சொன்னதும் கை தூக்கியது ஒரு பையன். ‘நடவுல செருப்புப் போட்டா சேறு புடிச்சு இழுத்துக்கும் டீச்சர். எப்படிப் போடுறது?’ நியாயமான கேள்வி. பதிலும் இருக்கிறது. தண்ணீர் கட்டி நிற்கும் சேற்றில் கொக்கிப்புழு முட்டை சரியாகப் பொரியாது; அதற்குக் காற்று வேண்டும். நடவு வயலைவிட, வயலுக்குப் போகும் வரப்பு, வரப்போரத்துப் புதர், ஓடைக்கரை, காபித் தோட்டத்து ஓரம், இங்கேதான் காலுக்குச் செருப்பு வேண்டும். வயலில் இறங்கும்போது வரப்பில் கழற்றி வை, ஏறியதும் காலைக் கழுவிப் போட்டுக்கொள் என்று சொன்னால் அவனால் செய்ய முடியும். ‘எப்போதும் செருப்பு அணிக’ என்றால் அவன் பின்தேர்வில் எழுதுவான், அவ்வளவுதான்.

களத்து மேட்டிலும் அப்படித்தான். தானியம் அடிக்கும் களத்தில் செருப்போடு ஏறக் கூடாது என்பது தமிழ்நாட்டில் பல ஊர்களில் பழக்கம். எங்கள் மாணவி ஒருத்தி இதை ‘மூடநம்பிக்கை’ என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தாள். அந்த வரியை அடித்துவிட்டேன். களம் நாள் முழுக்க வெயில் விழும் இடம், காய்ந்த தரை, மனித மலம் படாத இடம். சாணி போட்டு மெழுகியிருந்தாலும் மாட்டுச் சாணத்தில் மனிதக் கொக்கிப்புழு இல்லை. அங்கே வெறுங்காலில் நின்றால் ஒன்றும் ஆகாது. ஆபத்தில்லாத இடத்தில் பெரியவர்களோடு சண்டைக்கு நிற்கிற சுகாதாரப் பாடம், ஆபத்தான இடத்துக்குப் போகும்போது கேட்க ஆளில்லாமல் போகும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா காலணி தருகிறது தமிழ்நாடு அரசு. நல்ல திட்டம். மலையில் அதைப் பள்ளிக்கு மட்டும் போட்டு, வீட்டுக்கு வந்ததும் கழற்றித் துடைத்து வைத்துவிட்டுத் தோட்டத்துக்கு வெறுங்காலில் ஓடுகிறார்கள். புதுச் செருப்பைச் சேற்றில் போட எந்தத் தாய்க்கு மனசு வரும்? பழைய செருப்பைத் தூக்கிப் போடாமல் தோட்டத்துக்கென்று வைத்துக்கொள்ளச் சொன்னோம். செலவில்லாத யோசனை. எத்தனை வீட்டில் நடக்கிறது என்று அடுத்த முறை காலைப் பார்த்தால் தெரியும், தாளைப் பார்த்தால் தெரியாது.

*

மஞ்சள் விளையாட்டு. ஒருவன் கையில் தேங்காயெண்ணெய் தடவி மஞ்சள்தூளை அப்பிவிட்டு, ‘நீ உன் பாட்டுக்கு இரு’ என்று விட்டுவிட வேண்டும். பத்து நிமிடத்தில் பேனா, கதவுக் கொண்டி, பக்கத்துப் பையன் சட்டை, தண்ணீர்ப் பானை டம்ளர், இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்ணின் நோட்டு அட்டை என்று எங்கும் மஞ்சள். பிறகு தண்ணீரில் மட்டும் கழுவச் சொல்ல வேண்டும். போகாது. சோப்புப் போட்டுக் கழுவினால் உள்ளங்கை வெளுக்கும். நகக்கண்ணில் மட்டும் நிற்கும். அந்த நகத்தை எல்லோரிடமும் ஒரு சுற்று காட்டிவிட்டு, நகவெட்டியை எடுத்து மேசையில் வைத்தால் போதும், வரிசையில் வந்து நிற்பார்கள். இதற்குப் பேச்சே தேவையில்லை.

கீரிப்பூச்சிக்கு இது சரியான பாடம். இரவில் ஆசனவாயைச் சொறிந்த விரல், காலையில் இட்லி பிட்ட விரல்.

*

சீட்டுப் பெட்டி. பெயர் எழுதாமல் கேள்வியைப் போடலாம் என்று ஒரு அட்டைப் பெட்டி வைத்தோம். இந்த வயதுப் பிள்ளைகளிடம் வாய்விட்டுக் கேட்கச் சொல்வது வீண். மலம் என்ற சொல்லைப் பையன் பெண் சேர்ந்த வகுப்பில் சொல்லவே கூசுகிறார்கள்.

‘தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தால் பூச்சி என்று ஆயா சொல்கிறது. நிஜமா?’ அதற்கும் புழுவுக்கும் தொடர்பு இருப்பதாக நிரூபணம் இல்லை.

‘இனிப்புத் தின்றால் பூச்சி வருமா?’ வராது. முட்டையோ இளம்புழுவோ உள்ளே போகாமல் எதுவும் வராது. வெல்லம் பாவம்.

‘பூச்சி மாத்திரை சாப்பிட்டால் பின்னாடி குழந்தை பிறக்காது என்கிறார்கள்.’ இதை எழுதியது பெண் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். பொய். கர்ப்பமாக இருப்பவர்களுக்குக் குடற்புழு நீக்க நாளில் இதைக் கொடுப்பதில்லை. அதைத்தான் யாரோ திரித்திருக்கிறார்கள். ஊரில் ஒரு மாத்திரையை எல்லோருக்கும் கொடுத்தால் இந்த வதந்தி எங்கும் முளைக்கும். ‘சும்மா பேசாதே’ என்று அதட்டினால் வளரும், காரணம் சொன்னால் அடங்கும்.

‘வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுக்கிறார்களே, போதாதா?’ கொடுக்கிற பாட்டியைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் குடலைக் கடித்துக்கொண்டிருக்கும் கொக்கிப்புழுவை அதை நம்பி விட முடியாது. பாட்டிக்குக் கொழுந்து, பள்ளிக்கு மாத்திரை, இரண்டையும் சாப்பிடு.

‘பன்றிக்கறி சாப்பிட்டால் வலிப்பு வருமா?’ இதற்கு நேரம் எடுத்துப் பதில் சொன்னோம். சரியாக வேகாத பன்றிக்கறி வழியாக வருவது குடலில் நாடாப்புழு. மூளையில் நீர்க்கட்டி வைத்து வலிப்பு வர வைப்பது, அந்த நாடாப்புழு உள்ளவர் மலத்தில் போடும் முட்டை அடுத்தவர் வாய்க்குப் போவதால். ஆகவே கறியே தொடாத வீட்டிலும் வலிப்பு வரும். கறியை நன்றாக வேக வை, கக்கூஸ் போனபின் கையை சோப்புப் போட்டுக் கழுவு, பன்றி மேயும் இடத்தில் மலம் கழிக்காதே. மூன்றும் சேர்ந்தால்தான் காவல்.

*

இந்தப் பாடத்துக்கு வயது நூறுக்கு மேல். 1909இல் அமெரிக்கத் தென்மாநிலங்களில் கொக்கிப்புழுவை ஒழிக்க ராக்ஃபெல்லர் பத்து லட்சம் டாலர் கொடுத்தார். அதன் தொடர்ச்சி கடல் கடந்து 1916இல் இலங்கைக்கு வந்தது. மாத்தளைத் தோட்டங்களில் வேலை தொடங்கியது. அங்கே பரிசோதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் யார்? திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கமிருந்து தேயிலைக்கும் ரப்பருக்கும் போன நம் ஆட்கள். கொடுத்த மருந்து கினோபோடியம் என்ற எண்ணெய். குமட்டும், தலை சுற்றும், பிறகு பேதிக்கு உப்பு. பின்னாளில், இலங்கைக்குப் போகிறவர்களைத் தங்க வைத்த மண்டபம் முகாமிலேயே, கப்பல் ஏறுமுன் மருந்து கொடுத்தார்கள்.

மருந்து கொடுத்தவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. தொழிலாளிகள் குடியிருந்த லயத்துக்குக் கக்கூஸ் கட்டாமல் மருந்து மட்டும் கொடுத்தால் புழு திரும்பி வரும். தோட்டத் துரைமார்களுக்கு மருந்து பிடித்திருந்தது, ஆள் தெம்பாக வேலை செய்வானே. கக்கூஸ் கட்டுகிற செலவு என்றதும் கை இழுத்துக்கொண்டது. தொழிலாளிக்கு ‘சுத்தம் தெரியவில்லை’ என்று எழுதுவது எளிது. அவன் லயத்தில் வாழ்ந்த நிலைமையை எழுதினால் யாரோ பணம் போட வேண்டும்.

இன்றைக்கு நம் ஆய்வேடுகளில் ‘மாணவர்களிடையே போதிய விழிப்புணர்வு இல்லை’ என்ற வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மாத்தளை ஞாபகம் வருகிறது.

*

சொல்லிக் கொடுப்பதால் பயன் உண்டா? மூன்று இடத்தில் ஒழுங்காகப் பார்த்திருக்கிறார்கள். மூன்றும் மூன்று மாதிரி.

கென்யாவின் புசியா மாவட்டத்தில் 1998இல் தொடங்கி 75 பள்ளிகளில் எட்வர்ட் மிகுவெலும் மைக்கேல் கிரெமரும் குடற்புழு நீக்கம் செய்து பார்த்தார்கள். கிரெமர் 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோவோடு பொருளாதார நோபல் பெற்றவர். மாத்திரையால் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் நிற்பது குறைந்தது. அந்த முடிவைப் பற்றிப் பின்னால் பெரிய சண்டையே நடந்தது, அது இங்கே வேண்டாம். அதே பள்ளிகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, சார்ட் மாட்டி, புழுத் தடுப்பைப் பாடமாகவும் நடத்தினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பிள்ளைகள் கை சுத்தத்தில் மாற்றமில்லை, செருப்புப் போடுவதில் மாற்றமில்லை, ஏரித் தண்ணீரில் இறங்குவதில் மாற்றமில்லை.

சீனாவின் ஹுனான் மாகாணத்தில் லின்ஷியாங் என்ற ஊர். 38 பள்ளிகள், 9, 10 வயதுப் பிள்ளைகள் 1,718 பேர். முதலில் எல்லோருக்கும் மாத்திரை. பிறகு பாதிப் பள்ளிகளில் ‘மாயக்கண்ணாடி’ என்ற 12 நிமிடக் கார்ட்டூன் படம், அதை ஒட்டிப் பேச்சு, ஓவியப் போட்டி, கட்டுரைப் போட்டி. 2013இல் வெளிவந்த முடிவு: படம் பார்க்காத பள்ளிகளில் புதிதாகத் தொற்று 8.4 விழுக்காடு, பார்த்த பள்ளிகளில் 4.1. பாதிக்குப் பாதி. இவர்கள் மதிப்பெண்ணோடு நிற்கவில்லை, மலத்தையும் சோதித்தார்கள். அதனால்தான் இதை மதிக்கிறேன்.

அதே படத்தை பிலிப்பைன்ஸில் அந்த ஊருக்கு ஏற்றபடி எடுத்துக் காட்டினார்கள். பிள்ளைகளின் அறிவு கூடியது, பழக்கமும் கொஞ்சம் மாறியது. ஆனால் மொத்தத்தில் தொற்றுக் குறையவில்லை. ஊர் முழுக்க மண்ணில் முட்டை நிறைந்து கிடக்கும்போது பிள்ளை ஒருத்தி கையைக் கழுவி எவ்வளவுதான் தப்பிக்க முடியும்?

நான் எடுத்துக்கொள்வது இது. சோப்பும் தண்ணீரும் பக்கத்திலேயே இருந்து, செய்ய வேண்டியது சின்ன வேலையாக இருந்தால் சொல்லிக் கொடுத்தது காலில் கையில் இறங்கும். செருப்பு வாங்கக் காசு, கக்கூஸ் கட்ட இடம் என்று வரும்போது பிள்ளைக்குப் பாடம் நடத்திப் பயனில்லை; அந்தப் பாடம் ஊராட்சிக்கு.

*

மலைச்சரிவில் கழிப்பறை கட்டுவது சமவெளி மாதிரி இல்லை. இரட்டைக் குழி போட வேண்டும் என்றால் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் சரிவு, கீழ்ப்பக்கம் ஊற்று. குழி ஊற்றுக்கு மேட்டில் வந்தால் குடிதண்ணீர் போச்சு. ஒரு குழி நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதுக்கு மாற்ற வேண்டும். மூடியதைக் குறைந்தது ஒன்றிரண்டு வருடம் தொடாமல் வைத்தால் எருவாகும். அவசரப்பட்டு எடுத்துத் தோட்டத்தில் கொட்டினால் உருண்டைப்புழு முட்டை அப்படியே இருக்கும். அதன் தோடு அவ்வளவு கெட்டி. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது நன்றாகப் புரிகிறது. மண்ணையும் சரிவையும் எங்களைவிட அவர்களுக்குத் தெரியும். ‘உங்கள் வீட்டில் எங்கே குழி தோண்டலாம்’ என்று படம் வரையச் சொன்னால் ஊற்று எங்கே, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்றெல்லாம் அம்புக்குறி போடுகிறார்கள். ஓவியப் போட்டி வைப்பதாக இருந்தால் இதற்கு வைக்கலாம்.

பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்றால் பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். பையன்கள் வேலி தாண்டுகிறார்கள். வகுப்பில் ஆறு படி கை கழுவும் சார்ட், வெளியே காய்ந்த குழாய். அந்தச் சார்ட்டைக் கழற்றிவிடலாம்.

*

மாத்திரையைப் பற்றி.

தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 பிப்ரவரியில் தொடங்கியபோது முதல் கட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் இருந்தது. இப்போது பிப்ரவரி, ஆகஸ்ட் என்று வருடம் இரண்டு முறை. 1 முதல் 19 வயது வரை. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், இரண்டு வயதுக்குக் கீழே பாதி மாத்திரை. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் நீங்கலாக, அண்மை ஆண்டுகளில் கொடுக்கிறார்கள். நல்ல முடிவு. அன்று விட்டுப்போனவர்களுக்கு ஒரு வாரம் கழித்து இன்னொரு நாள் உண்டு.

மென்று விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் வேண்டாம், சத்துணவுக்குப் பிறகு போதும். காய்ச்சல் உள்ள பிள்ளைக்கு அன்று வேண்டாம். சிலருக்குக் குமட்டல், லேசான வயிற்றுவலி வரும். வயிற்றில் புழு அதிகம் இருப்பவர்களுக்கு அது கூடுதலாக வரலாம். இதை முதல் நாளே சொல்லி வைத்தால், ஒரு பிள்ளை வாந்தி எடுத்ததும் ஊரே பள்ளிக்கு ஓடிவராது. பாக்கெட்டில் போட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது மட்டும் கூடாது. ஆடு தின்னும்.

ஒரே மாத்திரையில் உருண்டைப்புழு 100 பேரில் 95 பேருக்கும் மேல் போய்விடும், கொக்கிப்புழு 80 பேருக்கு. சாட்டைப்புழு 30 பேருக்குத்தான். போனதும் திரும்பி வருகிறது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2012இல் வந்த கணக்குப்படி, மருந்து கொடுத்து ஒரு வருடத்துக்குள் கொக்கிப்புழு பழைய அளவில் 57 விழுக்காட்டுக்கும், உருண்டைப்புழு 94 விழுக்காட்டுக்கும் வந்துவிடுகிறது. வருடம் இரண்டு முறை ஏன் என்று கேட்ட பிள்ளைக்கு இந்த எண்களைத்தான் சொன்னேன். பாடம் எதற்கு என்பதற்கும் அதுதான் பதில். ஒரு மாத்திரைக்கும் அடுத்த மாத்திரைக்கும் நடுவில் இருக்கிற ஆறு மாதம் பிள்ளையின் கையில் இருக்கிறது, காலில் இருக்கிறது.

*

கடைசியாக ஒன்று. ஒன்பதாம் வகுப்பில் பாடம் எடுத்தபோது, போன வருடம் எட்டாம் வகுப்பில் இருந்த ஒருத்தியைக் காணோம். கேட்டால், ‘அவ தோட்டத்து வேலைக்குப் போறா டீச்சர்’ என்றார்கள். நாங்கள் தேடுகிற பிள்ளை அவள்தான். காபிச் செடி நிழலில் காலை முதல் மாலை வரை வெறுங்காலில் நிற்பவள் அவள். மாத்திரை கொடுக்கும் நாளில் பள்ளியில் இல்லாதவளும் அவள்.

பள்ளியில் பெயர் இல்லாத 19 வயது வரைக்குமான எல்லோருக்கும் அதே நாளில் அங்கன்வாடியில் மாத்திரை இலவசம். மலையில் தோட்டம் வைத்திருப்பவர்கள் அன்று அந்தப் பிள்ளைகளை அரை நாள் கூலியோடு அனுப்பி வையுங்கள். போகும்போது காலுக்கு ஒரு செருப்பும் வாங்கிக் கொடுங்கள்.